ஜப்பானின் மஞ்சள் அரிசி

ஜப்பான் கடற்படையின் ‘ரியூஜோ’ கப்பல் 1882-83இல் நெடும்பயணம் போனபோது, அதிலிருந்த 376 பேரில் 169 பேரைக் ‘கக்கே’ பிடித்தது. 25 பேர் இறந்தார்கள். நாம் பெரிபெரி என்று சொல்லும் நோய்தான் அது. கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ வெள்ளைச் சோற்றைக் குறைத்து இறைச்சியும் பார்லியும் சேர்க்கச் சொன்னார். நோய் அடங்கியது. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் தயமின் என்ற வைட்டமினின் குறைபாடே காரணம் என்பது பின்னாளில் உறுதியானது.

பாடப்புத்தகங்கள் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் ‘ஷோஷின் கக்கே’ என்று இன்னொரு கொடிய வகை இருந்தது. திடகாத்திரமான இளைஞர்களையும் அது விடவில்லை. முதலில் படபடப்பு, வாந்தி, பிறகு மூச்சுத்திணறல். நோயாளி வேதனையில் புரண்டு துடிப்பார், நினைவு மட்டும் தெளிவாகவே இருக்கும். சில நாட்களில் இதயம் நின்றுவிடும்.

ஆய்வாளர் சகாகி ஜுன்ஜிரோவுக்கு அரிசியின் மீதே சந்தேகம் வந்தது. பூஞ்சை பிடித்த அரிசியின் சாற்றை 1891இல் அவர் விலங்குகளுக்குச் செலுத்தினார். அவை கைகால் முடங்கி மடிந்தன. 1910 வாக்கில் அரசு அரிசியைச் சோதித்து, கெட்டதைச் சந்தைக்கு வராமல் தடுக்கத் தொடங்கியது. மற்ற கக்கே தொடர்ந்தது. ஷோஷின் கக்கே மட்டும் சட்டென்று குறைந்தது. தயமினைத் தூய வடிவில் பிரித்தெடுத்தது 1926இல்தான் என்பதை நினைத்தால், அதற்கு முன்பே வந்த இந்தச் சரிவின் முக்கியத்துவம் புரியும்.

குற்றவாளி என்று கருதப்படுவது, அரிசியை மஞ்சளாக்கும் ஒரு பெனிசிலியம் பூஞ்சை. அதன் நச்சுக்கு சிட்ரியோவிரிடின் என்று பெயர்.

செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாதான் உணவை ஏடிபி என்னும் ஆற்றலாக மாற்றுகிறது. அந்த வேலையின் கடைசிக் கட்டத்தைச் செய்யும் நொதி, சுழலும் சிறு எந்திரம். சிட்ரியோவிரிடின் அதில் ஒட்டிக்கொண்டு ஏடிபி உற்பத்தியை முடக்குகிறது. ஓயாமல் துடிக்கும் இதயத்தால் அந்தப் பஞ்சத்தைத் தாங்க முடியாது. தயமின் இல்லாதபோதும் இடி விழுவது அதே மைட்டோகாண்ட்ரியாவில்தான்: மாவுச்சத்திலிருந்து வரும் எரிபொருள் உள்ளே நுழையும் வாசலிலேயே தேங்கிவிடும். இரண்டு நோய்களும் ஒரே பெயருக்குள் நெடுங்காலம் கலந்து கிடந்ததில் வியப்பில்லை.

இது பழங்கதையும் அல்ல. பிரேசிலின் மரன்யாவோ மாநிலத்தில் 2006இல் பெரிபெரி பரவி, ஏழை விவசாயக் கூலிகளின் உயிர்களைக் குடித்தது. அங்கே எடுத்த அரிசியிலும் சிட்ரியோவிரிடின் இருந்தது. நோயாளிகளைத் தயமின் காப்பாற்றியதால், நச்சின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் அங்கே எழுந்தது.

பூஞ்சை நச்சுகளில் பல, சமையல் சூட்டுக்கு அசையாதவை. நிறம் மாறி, பூஞ்சை வாடை அடிக்கும் அரிசியைக் களைந்து வடித்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.