சுமையும் சூடும்: திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை வரலாற்றில் ஒரு பக்கம்

தேவராவை ஒட்டிய பெருமானூரில் கொச்சி கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. அங்கே உருவாகும் மாஹே வகைப் போர்க்கப்பல்களின் மேல்தளத்தில், உள்ளே இருந்தபடியே குறிபார்த்துச் சுடக்கூடிய 12.7 மி.மீ. துப்பாக்கிகள் பொருத்தப்படுகின்றன. அவற்றைச் செய்வது திருச்சி நவல்பட்டில் உள்ள நம் தொழிற்சாலை. அந்த வகைத் துப்பாக்கியின் எடை மட்டுமே ஏறத்தாழ 38 கிலோ. குழல் தடிமனாக இருந்தாலும் கவலையில்லை, சுமப்பது கப்பல். அதே தொழிற்சாலை காலாட்படைக்கு ரைஃபிள் செய்யும்போது, கூடும் ஒவ்வொரு நூறு கிராமும் ஒரு ஜவானின் தோளில் ஏறுகிறது.

சீனப் போருக்குப் பின் நாடு படைக்கலத் தொழிலை விரிவாக்கிய காலத்தில், 1966இல் தொடங்கப்பட்டது இந்தத் தொழிற்சாலை. இங்கே கை பழகியவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: துப்பாக்கியின் உயிர் குழலில் இருக்கிறது. தோட்டா வெடிக்கும்போது மருந்தின் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் குண்டோடு வெளியே போகிறது. மீதியில் பெரும்பகுதி வாயுவோடு போய்விட, ஒரு பங்கு குழலில் சூடாகத் தங்குகிறது. நிமிடத்துக்கு 600 என்ற வேகத்தில் சுட்டால் நொடிக்குப் பத்து முறை இது நடக்கும். சூடு ஏற ஏற குழல் விரியும், குறி விலகும், உள்வரிகள் தேயும். அதைவிட ஆபத்தானது, கொதிக்கும் அறைக்குள் காத்திருக்கும் தோட்டா விசையை அழுத்தாமலே வெடித்துவிடுவது. குழலில் இரும்பைக் கூட்டினால் சூடு மெதுவாக ஏறும். ஆனால் எடையும் கூடும்.

பிரென் எல்.எம்.ஜி. (இலகு இயந்திரத் துப்பாக்கி) இந்தச் சிக்கலை நேரடியாகவே தீர்த்தது. சுமார் பத்து கிலோ எடை, கூடவே மாற்றுக் குழல். சில நூறு தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டதும் தாழ்ப்பாளைத் திருப்புவார்கள். குழலோடு சேர்ந்தே இருக்கும் மரக் கைப்பிடியைப் பிடித்துச் சூடான குழலை அப்படியே தூக்கி எடுத்துவிட்டு, அடுத்ததைச் செருகுவார்கள். வெறுங்கை இரும்பில் படவே படாது. கான்பூர் சிறு படைக்கலத் தொழிற்சாலை அதை 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றியமைத்து, பல ஆண்டுகள் படையில் வைத்திருந்தது.

பிறகு வந்தது 5.56 மி.மீ. காலம். புனேயின் ஏ.ஆர்.டி.இ. படைக்கல ஆய்வகம் வடிவமைத்த இன்சாஸ் குடும்பத்தில் ரைஃபிள் திருச்சியிலும் இச்சாப்பூரிலும், எல்.எம்.ஜி. கான்பூரிலும் உருவாயின. புதிய தோட்டா சுமார் 12 கிராம், பழைய 7.62 அதைப் போல இரு மடங்கு. அதே எடைக்கு இரட்டிப்புத் தோட்டா எடுத்துப் போகலாம் என்றால், இரட்டிப்பாகச் சுடவும் செய்வார்கள். தோளில் இறங்கிய சுமை குழலில் சூடாக ஏறியது. நான்கு கிலோ அளவிலான இன்சாஸ் ரைஃபிளுக்குத் தொடர்ச்சூடு வைக்காமல், மூன்று தோட்டாவோடு நிறுத்தியது சரியான முடிவு என்பதே என் கருத்து. எல்.எம்.ஜி.க்குக் குழலை 464 மி.மீ.இலிருந்து 535 ஆக நீட்டித் தடிமனாக்கினார்கள், எடை ஆறு கிலோவைத் தாண்டியது. ஆனால் சண்டைக்கு நடுவே குழலை மாற்றும் வசதி அதில் இல்லை. பெரிய குறை அதுதான்.

அமெரிக்க மரைன் படை எதிர்த்திசையில் போனது. தன் எம்249 எல்.எம்.ஜி.களில் பலவற்றை விலக்கி, சுமார் 3.6 கிலோ எடையுள்ள எம்27 ரைஃபிளை எடுத்துக்கொண்டது. குழல் மாற்ற முடியாது, தொடர்ந்து கொட்டவும் முடியாது. குறிபார்த்துக் கொஞ்சமாகச் சுடுபவன் வேகமாக ஓடட்டும் என்பது அவர்கள் எண்ணம். இந்திய ராணுவமோ 2020 மார்ச்சில் 16,479 நெகேவ் எல்.எம்.ஜி.களை இஸ்ரேலிடம் வாங்க ஒப்பந்தம் போட்டது. அது 7.62 மி.மீ., குழலை நொடிகளில் மாற்றலாம், எடை எட்டு கிலோவை நெருங்கும். பிரென் சொன்ன விடைக்கே நம் படை திரும்பி வந்திருக்கிறது. மலை முகட்டில் எதிரியின் தலையை நெடுநேரம் அமுக்கி வைக்க வேண்டிய படைக்கு அதுவே பொருந்தும்.

திருச்சியும் சும்மா இருக்கவில்லை. ஏ.கே. வழியில் தானே உருவாக்கிய திருச்சி அசால்ட் ரைஃபிளை மத்திய ரிசர்வ் போலீஸ் படைக்குக் கொடுத்தது. 2021 அக்டோபர் 1 முதல் தொழிற்சாலை ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. பெயர்ப்பலகை மாறினாலும் குழல் வேலை மாறாது. குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்சுவரில் ஓடும் நிழற்கோடு எங்கே வளைகிறது என்று கண்ணாலேயே கண்டு நிமிர்த்துவது இந்தத் தொழிலின் பழைய வித்தை. எத்தனை தோட்டாவுக்குப் பின் எந்த இடம் முதலில் தேய்கிறது, எவ்வளவு தடிமனைக் குறைத்தால் குறி விலகுகிறது என்பதையெல்லாம் அறிந்தவர்கள் இன்று ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறார்கள். குழல் பிரிவிலும் சோதனைச் சுடுதளத்திலும் வேலை பார்த்த மூத்தவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைத் தமிழிலேயே எழுதித் தர வேண்டும், நிர்வாகம் அதைக் கேட்டு வாங்கிப் பாதுகாக்க வேண்டும். அடுத்த எல்.எம்.ஜி.யை நாமே வடிவமைக்க அந்தக் குறிப்புகள் தேவை.