எலும்பென்றது கதை, மரமென்றது நுண்ணோக்கி

வில்லியனூரைத் தழுவி ஓடும் சங்கராபரணி ஆற்றின் கரைவழியே, நீரோட்டத்திற்கு எதிர்த்திசையில் நடந்தால், புதுவையின் எல்லை கடந்து திருவக்கரை எனும் சிற்றூர் வரும். அங்கே செம்மண் மேட்டில் மரங்கள் கிடக்கின்றன. கோடரி பட்டால் பொறி பறக்கும் மரங்கள், தீயிலிட்டாலும் கரியாகாத மரங்கள், கல்லாகிப்போன மரங்கள்! இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அவ்விடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாக்கிக் காத்து வருகிறது.

அவை என்ன? ஊர்க்கதை உடனே விடை சொல்லும்: "வக்கிராசுரனின் எலும்புகள்! திருமாலின் சக்கரத்தால் மாண்டவனின் எலும்புகள்!"

கதையின் சுவையைப் பற்றி நமக்கு வழக்கில்லை. ஆனால், தோழர்களே, விடை முன்பே கையில் இருந்தால் வினா பிறக்குமா? 'எலும்பு' என்று சொல்லிவிட்ட பிறகு, 'எலும்புதானா?' என்று எவன் குனிந்து பார்ப்பான்?

கல்வியில்லாத நாடா இது? பாகூரைப் பாருங்கள். 9ஆம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு, பாகூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைப் பொறித்து வைத்திருக்கிறது. வேதம் நான்கு, அங்கம் ஆறு, மீமாம்சை, நியாயம், புராணம், தருமசாத்திரம் - பதினான்கு வகைக் கலை! மூன்று ஊர்களின் வருவாய் அக்கலைகளை வளர்த்தது. அந்தப் பதினான்கில், காலடியில் கிடக்கும் கல்லைக் கையிலெடுத்து நோக்கும் கலை ஒன்றுகூட இல்லை. அன்று நுண்ணோக்கி இல்லை என்பது உண்மை. ஆனால் நுண்ணோக்கி வானத்திலிருந்து விழுந்ததா? பார்க்கவேண்டும் என்ற வேட்கை கொண்டவன் கண்ணாடியைத் தேய்த்தான், நுண்ணோக்கி பிறந்தது.

1781இல் பிரெஞ்சு நாட்டு இயற்கை ஆய்வாளர் சொன்னரா திருவக்கரைக் கல்மரங்களைப் பற்றி எழுதிவைத்தார். அடுத்த நூற்றாண்டில் புதுவை வட்டாரக் கல்மரத் துண்டொன்று கடல்கடந்து செருமனி சென்றது. அதை ஆராய்ந்து பெயரிட்டவர் யார் தெரியுமா? சிலெய்டன்! 1838இல், செடிகொடிகள் யாவும் உயிரணுக்களால் ஆனவை என்று உலகுக்கு எடுத்துச் சொன்ன அதே சிலெய்டன். மறு ஆண்டே சுவான் என்பார் விலங்குகளுக்கும் அதுவே உண்மை என்றார். உயிரியல் எனும் மாளிகைக்குக் கடைக்கால் இட்டவர் கைக்கு, நம் ஆற்றங்கரைப் பக்கத்துக் கல் போய்ச் சேர்ந்தது. நாமோ அதை எலும்பென்று சொல்லிக்கொண்டிருந்தோம்!

இவ்வழியை அவருக்கும் முன்பே திறந்து வைத்தவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஊக். 1665இல் வெளிவந்த அவருடைய நூலில் தக்கையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் கண்டு, தேனடை போன்ற சிற்றறைகளுக்குச் 'செல்' என்று பெயரிட்டார். அதே நூலில் கல்மரம் ஒன்றையும் ஆராய்ந்து, மரத்தின் நுண்துளைகள் கல்லிலும் இருப்பதைக் காட்டி, இது முன்பு மரமாக இருந்ததே என்றார். உயிரணுவின் வரலாறும் கல்மரத்தின் வரலாறும் ஒரே நூலில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள்!

மரம் எப்படிக் கல்லாகும்? ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துவந்த மரங்கள் மணலில் புதைந்தன. காற்றுப் புகாத இடத்தில் அவை விரைந்து மக்கவில்லை. மணலின் மூலப்பொருளான சிலிக்கா, நிலத்தடி நீரில் கரைந்து மரத்துக்குள் ஊறியது. உயிரணுவின் சுவரில் படிந்தது. அறையின் வெற்றிடத்தில் நிறைந்தது. மரப்பொருள் மெல்ல மறைய, அதன் வடிவம் அணு அணுவாகக் கல்லில் நின்றது. அக்கல்லைத் தாள்போல் தேய்த்து, ஒளி ஊடுருவும்படி செய்து நுண்ணோக்கியில் வைத்தால், நீரேற்றிய குழாய்கள், தாங்கிநின்ற நார்கள், குறுக்கே ஓடும் கதிர்கள் - யாவும் தெரியும். சிலெய்டன் ஆராய்ந்த மரம் ஊசியிலை வகையைச் சேர்ந்தது. 1931இல் பீர்பால் சகானி அதை மீண்டும் ஆராய்ந்து முறைப்படுத்தினார். பின்னர் இராமானுசம் முதலியோர் இவ்வட்டாரத்து மரங்கள் பலவற்றை இனங்கண்டனர். மா, மருது, புளி ஆகியவற்றின் குடும்பங்களைச் சேர்ந்த மரங்களும் அங்கே உண்டு. நம் தோப்பில் நிற்கும் மரங்களின் தொல்லுறவினர்!

"எலும்பும் கல்லாகுமே?" என்று கேட்கலாம். ஆகும். ஆனால் கல்லான பிறகும் எலும்பு எலும்பின் அமைப்பைத்தான் காட்டும். ஏனெனில் இரண்டும் வெவ்வேறு மூலக்கூறுகளால் எழுந்த கட்டடங்கள். மரத்தின் சுவர் செல்லுலோஸ். சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நெடுஞ்சங்கிலி. பாகூர் வயலின் நெல்லை எண்ணுங்கள். அரிசியின் மாவுப்பொருளும் வைக்கோலின் செல்லுலோசும் ஒரே குளுக்கோசால் ஆனவை. கோத்த முறைதான் வேறு. அதனால் அரிசி நமக்கு உணவு. வைக்கோலோ, தன் வயிற்று நுண்ணுயிர்களின் துணைகொண்ட மாட்டுக்கு உணவு.

எலும்போ கொலாசன் என்ற புரதமும் கால்சியம் பாஸ்பேட்டும் சேர்ந்தது. அக்கொலாசன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்று 1954இல் உலகுக்குக் காட்டியவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்த கங்காருவின் வால் தசைநாரை எக்ஸ் கதிரில் வைத்தே அதைக் கண்டறிந்தனர். தோலும் தசைநாரும் தீட்டென்று சிலரை ஒதுக்கிவைத்த நாட்டில், அந்தத் தசைநாரே அறிவின் வாயிலைத் திறந்தது! பூசை செய்பவன் எலும்பிலும் ஏர் உழுபவன் எலும்பிலும் அதே மூன்றிழைக் கயிறுதான். பிறப்பில் உயர்வு தாழ்வு பேசுவோர் எந்த மூலக்கூறில் அதைக் கண்டார்கள்?

சிலெய்டன் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நாம் சொல்லவில்லை. புதிய உயிரணு, பழைய உயிரணுவின் சாற்றுக்குள் படிகம்போல் திரண்டு உருவாகிறது என்று அவர் எண்ணினார். அது பிழை. இரெமாக் 1852இலும், வீர்ச்சோ 1855இலும், உயிரணு மற்றோர் உயிரணுவின் பிளவிலிருந்தே பிறக்கிறது என்று நிறுவினர். ஆசானின் பிழையை அறிவியல் மறைக்கவில்லை, திருத்திக்கொண்டு நடந்தது. வக்கிராசுரன் கதை எத்தனை முறை தன்னைத் திருத்திக்கொண்டது?

இன்று வில்லியனூர்ப் பள்ளியிலும் பாகூர்ப் பள்ளியிலும் 'உயிரின் அடிப்படை அலகு உயிரணு' என்று மாணவர் எழுதுகின்றனர்; மதிப்பெண்ணும் பெறுகின்றனர். எழுதிய கை, கல்மரத்தின் எதிரே கன்னத்தில் போட்டுக்கொண்டால், படித்த பாடம் தாளோடு போயிற்று.

இளைஞனே! ஒரு விடுமுறை நாளில் ஆற்றோரமாகத் திருவக்கரைக்குச் செல். கல்மரத்தை உடைக்காதே, கொண்டுவராதே. அது அனைவர்க்கும் உரிய ஏடு. குனிந்து அதன் வரிகளைப் பார். பிறகு வீட்டுக்கு வந்து, வெங்காயத்தின் மெல்லிய தோலை உரித்துப் பள்ளியின் நுண்ணோக்கியில் வை. அங்கும் அறைகள், இங்கும் அறைகள். இரண்டு கோடி ஆண்டு இடைவெளியை உன் கண்ணே கடந்துவிடும். அப்போது எவரேனும் "எலும்பு" என்றால், சினவாதே. "வாருங்கள், பார்ப்போம்" என்று அழைத்துக் காட்டு!