தண்ணீருக்கு மீட்டர் தெரியாது

மிச்சிகன் ஏரியின் தெற்குக் கரை 41.6 டிகிரி அட்சரேகையில் இருக்கு. வடக்குக் கரை கிட்டத்தட்ட 46. காற்றே இல்லாத நாளில், ஏரி அசையாமல் கிடக்கும்போது, இரண்டு முனையிலும் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று அளக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாக வரணும் இல்லையா? வராது. வடக்கு முனை சுமார் 7 சென்டிமீட்டர் தாழ்வாக வரும். ஆனாலும் தண்ணீர் வடக்கே ஓடாது.

காரணம் ரொம்பச் சாதாரணம். பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டை, அதோடு சுற்றவும் செய்கிறது. அதனால் ஈர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் 9.780, துருவத்தில் 9.832. வடக்கே போகப்போக ஒரு கிலோவை ஒரு மீட்டர் தூக்க அதிக ஆற்றல் வேணும். தண்ணீர் பார்ப்பது அந்த ஆற்றலைத்தான், நாம் நீட்டும் டேப்பை அல்ல. ஏரியின் உயரம் சுமார் 176 மீட்டர். ஈர்ப்பு வித்தியாசம் பத்தாயிரத்தில் நாலு பங்கு. பெருக்கினால் அந்த 7 செ.மீ. கிடைக்கும். (சூத்திரத்தை வைத்து நான் போட்ட கணக்கு இது. பாறையின் அடர்த்தியைப் பொறுத்து கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும்.)

இந்த ஆற்றல் கணக்குக்குப் பெயர் ஜியோபொடென்ஷியல். வானிலைக்காரர்களிடம் அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்ததில் நார்வேக்காரர் வில்ஹெல்ம் பியர்க்னெஸுக்குப் பெரிய பங்கு உண்டு. வானிலையைக் கணிதச் சமன்பாடாகத் தீர்க்கலாம் என்று 1904லேயே எழுதியவர். 1910ல் சான்ட்ஸ்ட்ரோமுடன் சேர்ந்து வெளியிட்ட புத்தகத்தில் உயரத்துக்குப் பதில் ‘டைனமிக் மீட்டர்’ வைத்தார்: ஒரு கிலோவுக்கு 10 ஜூல். சாதாரண மீட்டரில் சுமார் 1.02. ஏன் இந்தத் தொல்லை? சம உயரப் பரப்பில் ஈர்ப்பு கொஞ்சம் பக்கவாட்டிலும் இழுக்கும். சம ஆற்றல் பரப்பில் இழுக்காது. சமன்பாட்டில் ஒரு உறுப்பு அப்படியே காணாமல் போகும். புரோகிராம் எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேணும்?

பிறகு 10 போய் 9.8 வந்தது, எண் மீட்டருக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும் என்று. ஈஆர்ஏ5 தரவை இறக்கிப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: 500 மில்லிபாரில் 54,000 மாதிரி ஒரு எண் இருக்கும். அது ஆற்றல். 9.80665ஆல் வகுத்தால்தான் பழகிய 5,500.

ஏரிக்கு வருவோம். பேரேரிகளைப் பங்கிட்டுக்கொள்ள அமெரிக்காவும், கனடாவின் சார்பில் பிரிட்டனும் 1909ல் ஒப்பந்தம் போட்டன. மிச்சிகன் ஏரியின் பரப்பு சுமார் 58,000 சதுர கி.மீ. ஏரி முழுக்க 7 செ.மீ. தண்ணீர் என்றால் 400 கோடி கன மீட்டர். ‘மட்டம்’ என்ற சொல்லுக்கு இரண்டு நாடும் ஒரே அர்த்தம் வைக்காவிட்டால் பேச்சுவார்த்தையே நடக்காது. அதனால்தான் 1955ஆம் ஆண்டின் பொது அளவுத்தளம் டைனமிக் உயரத்தை எடுத்துக்கொண்டது: ஆற்றலை 45 டிகிரி அட்சரேகையின் ஈர்ப்பால் வகுத்து வரும் எண். எங்கே அளந்தாலும் அதே மாறிலி, கோடில் ஹார்ட்கோட் பண்ணின மாதிரி. ஏரியின் இரு முனைக்கும் ஒரே எண் வந்துவிடும்.

ஆனால் நிலம் சும்மா இருக்கவில்லை. பனியுகத்தில் பனிப்பாளம் அமுக்கிய தரை இன்னும் எழும்பிக்கொண்டே இருக்கு, வடக்கில் வேகமாக, தெற்கில் மெதுவாக. கரையில் அடித்த குறிகள் எல்லாம் மெல்ல விலகின. மறுபடி அளந்தார்கள். பூஜ்யப் புள்ளி கியூபெக்கின் ஃபாதர் பாயின்டிலிருந்து பக்கத்து ரிமூஸ்கிக்கு மாறியது. 1985 என்று பெயரிட்ட புதிய தளம் 1992 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.