இரண்டு வட்டுகளும் முதல் 446 பைட்டும்: கடலோரக் கணினிகளுக்கான லினக்ஸ் பூட் லோடர்

1. சிக்கல் எங்கே?

தூத்துக்குடிக்கு வடக்கே தருவைகுளத்தில் உப்புக்காற்று படகின் ஆணியையும் விடாது, கணினியின் இணைப்பு ஊசியையும் விடாது. இப்படிப்பட்ட கரையில் மீன் ஏலக் கணக்கை ஒரே வட்டில் வைப்பது துணிச்சல். 1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் முன்வைத்த ரெய்டு இங்கே கைகொடுக்கும். ரெய்டு-1இல் ஒரு வட்டில் எழுதுவது மற்றதிலும் பதியும்.

ஆனால் மென்பொருள் ரெய்டைக் கட்டி எழுப்புவது கெர்னல். அந்தக் கெர்னலை நினைவகத்தில் ஏற்றுவது பூட் லோடர். அது ஓடும் நேரத்தில் ரெய்டு இன்னும் பிறக்கவே இல்லை. பூட் லோடர் ஒரு வட்டில் மட்டும் இருந்தால், நங்கூரம் இரண்டு இருந்தும் கயிறு ஒன்றுதான்.

2. பழைய லோடர்கள்

பழைய லோடர்களில் ஒன்றான லைலோவுக்குக் கோப்பு முறைமை தெரியாது. கெர்னல் வட்டின் எந்தெந்த இடத்தில் கிடக்கிறது என்ற பட்டியல் மட்டுமே அதன் கையில். கெர்னலை மாற்றிவிட்டு லைலோவை மறுபடி ஓட்ட மறந்தால் கணினி எழாது. ரெய்டு-1ஐ அது நன்றாகவே தாங்கியது. அதன் வளர்ச்சி 2015 இறுதியில் நின்றது. பழைய கிரப் ரெய்டை அறியாது. ரெய்டு-1இன் ஒரு பாதியைச் சாதாரணப் பிரிவாக எண்ணிப் படித்துவிடும்.

3. அடையாளக் குறிப்பு இருக்கும் இடம்

அந்த எண்ணம் பலிப்பது ஒரு நிபந்தனையில்தான். ரெய்டின் அடையாளக் குறிப்பு 0.90, 1.0 பதிப்புகளில் பிரிவின் கடைசியில் இருக்கும். 1.1இல் தொடக்கத்திலும், இன்று இயல்பாக அமையும் 1.2இல் தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளியும் இருக்கும். குறிப்பு கடைசியில் இருந்தால், ரெய்டு அறியாத லோடரும் கோப்பு முறைமையை அதற்குரிய இடத்தில் காணும். முன்னால் இருந்தால் தடுமாறும். கிரப் 2 இந்தத் தடையைத் தாண்டியது. அதன் தொகுதிகள் 1.x குறிப்புகளையும், ரெய்டு-5, ரெய்டு-6 அமைப்புகளையும் படிக்கும்.

4. யூஇஎஃப்ஐ கணினிகள்

இங்கே ஃபர்ம்வேர் ஒரு ஃபேட் பிரிவிலிருந்து லோடரை எடுக்கிறது. அதற்கு லினக்ஸ் ரெய்டு தெரியாது. 1.0 குறிப்போடு அந்தப் பிரிவையும் ரெய்டு-1 ஆக்குவோர் உண்டு. ஃபர்ம்வேர் ஒரு பக்கம் மட்டும் எதையாவது எழுதினால் இரு பாதிகளும் முரண்படும் என்பதால் அதை நான் ஏற்பதில்லை. இரு வட்டிலும் தனித்தனி ஃபேட் பிரிவு வைத்து, இரண்டிலும் லோடரை நிறுவுவதே பாதுகாப்பு. சிஸ்டம்டி-பூட் எளிமையானது, ஆனால் கெர்னலையும் ரெய்டுக்கு வெளியே ஃபேட் பிரிவில் வைக்க நேரும், அதையும் இருமுறை பராமரிக்க வேண்டிவரும்.

5. தேர்வும் சோதனையும்

என் தேர்வு கிரப் 2. தமிழ்நாடு அரசு 2013இல் தன் துறைகளை மாறச் சொன்ன பாஸ் லினக்ஸ், டெபியன் வழி வந்தது. கிரப் அதனோடு சேர்ந்தே வருகிறது. பழகிய கை பக்கத்தில் இருப்பது பெரிய பலம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடி மாவட்டமே துண்டிக்கப்பட்டதே, அப்படிப்பட்ட நாளில் வெளியூர் ஆளை எதிர்பார்க்க முடியுமா?

நிறுவியதும் முதல் வட்டின் கேபிளைக் கழற்றிவிட்டு எழுப்பிப் பார்க்க வேண்டும். கேபிளை மீண்டும் மாட்டி, இரட்டைப் பிரதி சரியானதும் இரண்டாவதைக் கழற்றி அதேபோல். பழுதான வட்டை மாற்றியபின் ரெய்டு தன் பிரிவுகளை மட்டுமே நகலெடுக்கும். பழைய பயாஸ் கணினியில் லோடரின் முதல் துண்டு அமரும் 446 பைட் அந்தப் பிரிவுகளுக்கு வெளியே கிடக்கிறது. புது வட்டில் கிரப்பைக் கையால் மீண்டும் நிறுவ வேண்டும்.