அம்பாசடர் தானுந்தும் அதன் பராமரிப்பும்

அம்பாசடர் என்பது இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1958 முதல் 2014 வரை உற்பத்தி செய்த நான்கு கதவுத் தானுந்து (பேச்சு வழக்கில் கார்) ஆகும். தமிழ்நாட்டில் இது அரசு அதிகாரிகளின் வண்டியாகவும் வாடகை வண்டியாகவும் (டாக்சி) பல பத்தாண்டுகள் பயன்பட்டது. உற்பத்தி நின்ற பின்னரும் தனியார் பலர் இதனைப் பேணி ஓட்டி வருகின்றனர். அம்பாசடர் பழுதே ஆகாத வண்டி என்று கூற இயலாது. பழுதுகளைச் சிற்றூர்ப் பட்டறைகளிலேயே கண்டறிந்து சரிசெய்ய முடிந்ததால் நம்பகமான வண்டி என்று பெயர் பெற்றது.

வரலாறு

இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942 ஆம் ஆண்டு குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கப்பட்டு, 1948 இல் உத்தர்பாராவுக்கு மாறியது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைத் தானுந்தின் வடிவமைப்பே அம்பாசடரின் அடிப்படை. மூல வண்டி இங்கிலாந்தில் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. இந்தியாவிலோ அதன் உருவம் பெரிய மாற்றமின்றி ஐம்பத்தாறு ஆண்டுகள் நீடித்தது. 1983 இறுதியில் மாருதி 800 வெளிவந்த பின் தனியார் வாங்குவோர் குறையத் தொடங்கினர். அரசுத் துறைகளும் வாடகை வண்டி உரிமையாளர்களுமே இதனைத் தாங்கினர். 2014 மே மாதம் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அம்பாசடர் என்னும் வணிகப் பெயர் 2017 இல் 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சின் பியூஜோ நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

பொறியும் உடலும்

நெடுங்காலம் பயன்பட்டது 1489 கன செ.மீ. கொள்ளளவுள்ள நான்கு உருளைப் பெட்ரோல் பொறி (எஞ்சின்) ஆகும். இதன் ஆற்றல் ஏறத்தாழ 50 குதிரைத்திறன். வார்ப்பிரும்பால் ஆன இப்பொறி எடை மிகுந்தது, ஆற்றல் குறைந்தது. ஆனால் தேய்ந்த உருளைகளை லேத்துப் பட்டறையில் துளை பெரிதாக்கி, பெரிய அளவுப் பிஸ்டன் பொருத்தி மீண்டும் ஓட்டலாம். பின்னர் டீசல் பொறியும், 1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் இசுசு வடிவமைத்த 1817 கன செ.மீ. பெட்ரோல் பொறியும் ஐந்து படி கியர் பெட்டியும் வந்தன. தினசரிப் பயன்பாட்டுக்கு வாங்குவோருக்கு இசுசு பொறி கொண்ட வண்டியே ஏற்றது. மூல உருவை விரும்புவோர் பழைய பொறியையே நாடுகின்றனர்.

அம்பாசடருக்குத் தனிச் சட்டகம் (சேசிஸ்) கிடையாது. தகட்டு உடலே எடையைத் தாங்குகிறது. பழைய வண்டி வாங்குவோர் பொதுவாகப் பொறியின் ஒலியைக் கேட்கின்றனர், வண்ணப்பூச்சைப் பார்க்கின்றனர். முதலில் பார்க்க வேண்டியது அடித்தளம். கதவுகளுக்குக் கீழுள்ள விளிம்புகள், மிதியடிக்கு அடியிலுள்ள தகடு, பின்புற வில்தகடுகள் (லீஃப் ஸ்பிரிங்) இணையும் இடம் ஆகியவை துருப்பிடித்திருந்தால் வண்டியின் உறுதியே குறைந்துவிடும். கடலூர், புதுச்சேரி போன்ற கரையோர ஊர்களில் ஓடிய வண்டிகளில் இதனைக் கூடுதல் கவனத்துடன் ஆராய்தல் வேண்டும். பொறியை ஓவர்ஹால் செய்ய ஒரு மெக்கானிக் போதும். துருவை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைக்கத் தேர்ந்த டிங்கரிங் தொழிலாளி தேவை. அத்தகையோர் குறைந்து வருகின்றனர்.

பராமரிப்பு

இன்றைய தானுந்துகளில் கணினி செய்யும் பல வேலைகளை அம்பாசடரில் உரிமையாளரே செய்ய வேண்டும். பழைய பெட்ரோல் வண்டிகளில் தீப்பொறியை முறைப்படுத்தும் தொடுமுனைகளை மெக்கானிக்குகள் 'பிளாட்டினம் பாயிண்ட்' என்பர். இம்முனைகள் கருகினாலோ இடைவெளி மாறினாலோ பொறி கிளம்பத் தயங்கும், இழுவை குறையும். உப்புத்தாளால் தேய்த்து, ஏறத்தாழ 0.4 மி.மீ. இடைவெளி வைத்தால் வண்டி மீண்டும் ஓடும். ஒரு திருப்புளியும் தடிமன் அளவியும் இருந்தால் சாலையோரத்திலேயே இதைச் செய்யலாம். பண்ருட்டி, காடாம்புலியூர், வடலூர் வழியாகக் கும்பகோணம் செல்லும் நெடுஞ்சாலை போன்ற வழிகளில் வாடகை வண்டிகள் அச்சமின்றி ஓடியதற்கு இந்த எளிமையே காரணம் எனலாம்.

முன்சக்கரங்களின் கிங் பின் முதலிய இணைப்புகளுக்குக் குறித்த காலத்தில் கிரீஸ் ஏற்ற வேண்டும். தவறினால் திருப்பும் வளையம் (ஸ்டியரிங்) கனக்கும், டயர் ஒருபக்கமாகத் தேயும். கோடையில் எரிபொருள் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிப் பொறி நிற்பதுண்டு. ஓட்டுநர்கள் எரிபொருள் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிக் குளிரவைத்துக் கிளம்புவர். ரேடியேட்டரில் உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் உட்குழாய்கள் படிவால் அடைபடும்.

தடுப்பியில் (பிரேக்) சிக்கனம் கூடாது. பழைய படிவங்களில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே நீர்ம இணைப்பு மட்டுமே உண்டு. ஒரு குழாய் வெடித்தால் கால் தடுப்பி முழுவதும் செயலிழக்கும். அப்போது எஞ்சுவது கம்பியால் இயங்கும் கைத்தடுப்பி மட்டுமே. எனவே ரப்பர் குழாய்களை வெடிப்பு தெரியும் வரை காத்திராமல் முன்கூட்டியே மாற்றுதல் நன்று.

எரிபொருள்

இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 ஆம் ஆண்டு பிப்ரவரியில் கைவிடப்பட்டது. பழைய வார்ப்பிரும்புப் பொறிகளில் வால்வு அமரும் இடத்தை ஈயமே தேயாமல் காத்துவந்தது. ஆகவே பொறியைப் பிரிக்கும்போது கடினமான வால்வு இருக்கைகளைப் பதிப்பது வழக்கமாயிற்று. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் படிப்படியாக விற்பனைக்கு வந்தது. எத்தனால் நீரை ஈர்க்கும். பழைய வகை ரப்பரையும் தாக்கும். எரிபொருள் பம்பின் சவ்வு, குழாய்கள், கார்புரேட்டர் அடைப்பான்கள் ஆகியவற்றை எத்தனால் தாங்கும் பொருளால் ஆனவையாக மாற்றுவது நல்லது. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியில் பெட்ரோலைத் தேக்கி வைக்கக் கூடாது. அரிதாக எடுக்கப்படும் வண்டியே நாள்தோறும் ஓடும் வண்டியைவிட அதிகம் கெடுகிறது.

உதிரிப் பாகங்கள்

பல்லாண்டுகள் ஒரே வடிவில் வந்ததால் ஒரு வண்டியின் பாகம் மற்றொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தும். சென்னையில் புதிய பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும், பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டையும் அறியப்பட்ட இடங்கள். ஓடாத வண்டி ஒன்றை வாங்கி, பாகங்களுக்காகவே நிறுத்தி வைக்கும் உரிமையாளர்களும் உளர்.

சட்ட நிலை

தனியார் தானுந்தின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் வண்டியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டித் தகுதி பெற்று (எஃப்.சி.), ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இக்கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும், 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகத்தில் 10,000 ரூபாயாகவும் உயர்ந்தது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. தில்லி வட்டாரத்தில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளையும் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளையும் இயக்க உச்ச நீதிமன்றம் 2018 இல் தடை விதித்தது. தமிழ்நாட்டில் தனியார் தானுந்துகளுக்கு அத்தகைய வயது வரம்பு இல்லை.

முன்பு அரசு அலுவலகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் கழித்துக்கட்டிய அம்பாசடர்களை ஏலத்தில் எடுத்து ஓட்டுவது மலிவான வழியாக இருந்தது. 2023 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க இயலாததால் அவ்வழி அடைபட்டது.

50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாத வண்டிகளை 2021 விதிகளின்படி தொன்மை வண்டியாகப் பதியலாம். முதற்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு எடுத்துச் செல்லலாமே தவிர அன்றாடம் ஓட்டக் கூடாது. எனவே நாள்தோறும் ஓட்டுபவர்களுக்கு ஐந்தாண்டுப் புதுப்பித்தலே பொருந்தும்.