கதவைச் சரிசெய்யக் கற்றுக்கொடுத்தவர்கள்



சென்ற மழைக்காலத்திற்குப் பிறகு நம் சங்க அலுவலகத்தின் புகார்ப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். தண்ணீர்க் குழாய்க்கும் லிஃப்டுக்கும் அடுத்தபடியாக அதிகம் எழுதப்பட்டிருந்தது கதவும் ஜன்னலும்தான். குளியலறைக் கதவு உப்பி மூட மறுக்கிறது, பால்கனி ஜன்னல் நகரவில்லை, தாழ்ப்பாள் விழவில்லை என்று வரிசையாகப் புகார்கள். பல புகார்களுக்கு எதிரே "ஆள் கிடைக்கவில்லை" என்ற குறிப்பு. ஆள் வந்த இடங்களிலும், "புதுசு போட்டுடலாம் சார்" என்ற ஒரே பதில்தான்.

பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் ஏன் குறைந்துபோனார்கள்? இந்தத் தொழிலை நம் ஊரில் யார் யாருக்கு எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்று பார்த்தால் ஓரளவு விடை கிடைக்கும்.

பட்டறைப் படிப்பு

முற்காலத்தில் இதற்குப் பள்ளிக்கூடம் கிடையாது. ஆசாரியின் பட்டறைதான் பள்ளி. சேர்ந்த பையன் முதலில் இழைப்புச் சுருளைக் கூட்டுவான். உளியைச் சாணைக்கல்லில் தீட்டுவான். கை பழகியபின் ரம்பம், இழைப்புளி. நிலையும் கதவும் புதிதாகச் செய்வது பெரியவரின் வேலை. பழைய கதவைக் கழற்றி, கீலை மாற்றி, மறுபடி மாட்டும் வேலைதான் பையனுக்குக் கிடைக்கும். பழுதுபார்ப்பே அவனுக்கு அரிச்சுவடியாக இருந்தது.

அன்றைய வசதியான வீடுகளில் பர்மா தேக்கு அதிகம். 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரத்து நின்றது. இருக்கிற கதவைக் காப்பாற்றத் தெரிந்தவருக்கு அப்போது தனி மதிப்பு இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த முறையில் ஒரு பெரிய குறை உண்டு. தொழில் பெரும்பாலும் பிறப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. வேறு வீட்டுப் பையன் பட்டறைக்குள் நுழைவது சுலபமல்ல. பெண் பிள்ளைகளுக்கு வழியே இல்லை.

ஹண்டர் தொடங்கிய பள்ளி

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். அதையொட்டித் தொழிற்பள்ளியும் வந்தது. பிற்பாடு அரசு அதை ஏற்றுக்கொண்டது. பெரியமேடு பகுதியில் நாம் பேருந்தில் கடந்து செல்லும் அரசு கவின்கலைக் கல்லூரி அதன் தொடர்ச்சிதான். கைத்தொழிலை வகுப்பறையில் வைத்துச் சொல்லித்தரலாம் என்று நம் ஊரில் முதலில் முயன்ற இடங்களில் அது முக்கியமானது.

அங்கே கண்காணிப்பாளராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1890களின் கடைசியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கிவைத்தார். மரவேலையும் உலோக வேலையும் அடுத்தடுத்த கூடங்களில் நடந்த இடம் அது. பாத்திரமாக வந்த அந்த உலோகம், இன்று நம் பிளாக்குகளில் பாதி ஜன்னல்களுக்குச் சட்டமாக நிற்கிறது.

பிறப்பா, விருப்பமா?

விடுதலைக்குப் பின் இரண்டு யோசனைகள் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் வந்தன. 1950இல் மத்திய அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. நமக்குத் தெரிந்த ஐ.டி.ஐ. என்ற தொழிற்பயிற்சி நிலையங்கள் இதன் கீழ் நடப்பவைதான். விண்ணப்பம் போட்டு, தகுதி இருந்தால், யார் வீட்டுப் பிள்ளையும் தச்சராகலாம்.

1953இல் ராஜாஜி அரசு தொடக்கப்பள்ளிகளில் வேறொரு முறையைக் கொண்டுவந்தது. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில். "குலக்கல்வித் திட்டம்" என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் முதல்வரான காமராஜர் அதைக் கைவிட்டார். கையால் வேலை செய்து கற்பதை யாரும் தவறு என்று சொல்லவில்லை. அப்பா செய்ததைத்தான் மகன் செய்ய வேண்டும் என்பதைத்தான் ஜனங்கள் ஏற்கவில்லை. இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடக் கூடாது. பழைய பட்டறை முறையைப் பாராட்டும்போது அதிலிருந்த கட்டாயத்தையும் சேர்த்துப் பாராட்டிவிடுகிறோம்.

1961இல் தொழிற்பழகுநர் சட்டம் வந்தது. நிறுவனங்கள் இளைஞர்களைப் பழகுநராக வைத்து, உதவித்தொகை கொடுத்து, வேலை கற்றுத்தர வேண்டும் என்றது. நல்ல சட்டம். ஆனால் 2019 விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்துக்குத்தான் இது கட்டாயம். 4 பேராவது இருந்தால்தான் விரும்பிச் சேரவும் முடியும். கதவு, ஜன்னல் பழுது பார்ப்பவரோ, ஒரு மொபெட்டும் ஒரு கருவிப் பையும் வைத்திருக்கும் தனி ஆள். அவரிடம் இருக்கும் வித்தையை அடுத்தவருக்குக் கொண்டுசெல்ல இந்தச் சட்டத்தில் வழியில்லை.

கடன் கவுன்ட்டரிலிருந்து பார்த்தது

1979 ஆகஸ்ட் 15 அன்று ட்ரைசெம் என்ற திட்டம் வந்தது. 18 முதல் 35 வயது வரையான கிராமத்து ஏழை இளைஞர்களுக்குத் தொழில் பயிற்சி, உதவித்தொகை, கருவிப்பெட்டி, அதன்பின் வங்கிக் கடனும் மானியமும். பயிற்சி நிலையத்திலும் கற்கலாம். உள்ளூர்க் கைவினைஞர் ஒருவரிடமும் கற்கலாம். கற்றுத்தருபவருக்கும் ஊதியம் உண்டு. 1999 ஏப்ரலில் வேறொரு திட்டத்தோடு இது இணைக்கப்பட்டது.

அந்த நாட்களில் நான் ஒரு சிறு நகரக் கிளையில் இந்தக் கடன்களின் லெட்ஜரை எழுதிக்கொண்டிருந்தேன். நான் பார்த்த கொஞ்சம் கணக்குகளை மட்டும் வைத்துச் சொல்கிறேன். புள்ளிவிவரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேசை, பெஞ்சு செய்யப் பழகி வந்தவர்களில் பலருக்கு, ஊரில் கடை வைத்ததும் போட்டி தாங்கவில்லை. ஒரு ஆசாரியோடு வீடு வீடாகப் போய்ப் பழகியவர்களின் தவணை பெரும்பாலும் ஒழுங்காக வந்தது. காரணம் எளிது. புது மேசையை வருஷத்துக்கு எத்தனை பேர் வாங்குவார்கள்? மழை பெய்தால் எல்லார் வீட்டுக் கதவும் மக்கர் பண்ணும்.

மரம் போய் வேறு பொருள்கள்

1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காடுகளில் மரம் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. காடு பிழைக்க அது தேவைதான். மரத்தின் இடத்தை ஃபிளஷ் கதவும், அலுமினியமும், பின்னர் யு.பி.வி.சி.யும் வேகமாகப் பிடித்துக்கொண்டன. தொழிற்சாலையில் தயாராகி வரும் ஜன்னலைச் சுவரில் பொருத்துவது ஒரு நாள் வேலை. அதைக் கற்கச் சில வாரங்கள் போதும். கழற்றிப் பார்த்துப் பழுது கண்டுபிடிக்க யாருக்கும் சொல்லித்தரப்படவில்லை. "புதுசு போட்டுடலாம் சார்" என்ற பதில் இங்கிருந்துதான் வருகிறது. சோம்பேறித்தனம் என்று அந்தப் பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை.

உதாரணத்துக்கு, மழையில் கதவு பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழகாதவர் உடனே இழைப்புளியை எடுத்து ஓரத்தைச் சீவிவிடுவார். கோடை வந்ததும் கதவு சுருங்கி, விரல் நுழையும் சந்து விழும். பழகியவர் முதலில் கீலைப் பார்ப்பார். திருகாணி தளர்ந்து கதவு தொங்கியிருந்தால் மேல் மூலைதான் நிலையில் உரசும். பழைய துளையில் பசை தடவிய தேக்குக் குச்சியை அடித்து, புதுத் திருகாணி போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். அதன் பிறகும் உரசினால் சாக்பீஸ் தடவி, உரசும் இடத்தைக் கண்டு, அங்கு மட்டும் கொஞ்சம் சீவி, சீவிய விளிம்பில் மறுபடி பெயின்ட் அடிப்பார்; ஈரம் புகக் கூடாதல்லவா.

அலுமினிய ஜன்னலும் அப்படித்தான். நகராவிட்டால் அடியிலுள்ள உருளை தேய்ந்திருக்கும். அல்லது தடத்தில் மண் அடைந்திருக்கும். மழைநீர் வீட்டுக்குள் வந்தால், தடத்திலுள்ள நீர்வடியும் துளை அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இவற்றை எழுதிப் படிக்கலாம். ஆனால் கதவு எவ்வளவு கனமாகத் தொங்குகிறது என்பதைக் கையில் தாங்கித்தான் அறிய முடியும். பக்கத்தில் ஒருவர் நின்று, "இன்னும் கொஞ்சம் தூக்கு" என்று சொல்ல வேண்டும்.

இன்றைய திட்டங்கள், நம் பங்கு

2023 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தச்சு வேலையும் உண்டு. 2025இல் தமிழக அரசு கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. 25 தொழில்கள், 25 சதவீத மானியம், ஆனால் குறைந்தபட்ச வயது 35. இரண்டும் ஏற்கெனவே தொழில் தெரிந்தவருக்குக் கை கொடுப்பவை. புதிதாகக் கற்க வரும் இருபது வயதுப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது கடனல்ல, கை வைத்துப் பழகப் பழுதான கதவு.

அது நம்மிடம் ஏராளமாக இருக்கிறது! ஆகவே பொதுக்குழுவின் பரிசீலனைக்கு மூன்று யோசனைகள்:

ஒன்று, செப்டம்பரில், மழைக்கு முன், எல்லா பிளாக்குகளின் பழுதான கதவு, ஜன்னல் பட்டியலை எடுத்து மொத்தமாக ஒரு அனுபவசாலியிடம் ஒப்படைப்பது.

இரண்டு, அவரோடு அருகிலுள்ள ஐ.டி.ஐ.யில் படித்தவர்கள் இருவரை, ஆணோ பெண்ணோ, சேர்த்துக்கொள்ளச் சொல்வது. அவர்களுக்கும் கூலி கொடுப்பது. பயிற்சி என்ற பெயரில் இலவச வேலை வாங்கக் கூடாது.

மூன்று, முதலில் பொது இடக் கதவுகள், பிறகு விருப்பம் தெரிவிக்கும் வீடுகள். ஒவ்வொரு வேலையையும் பதிவேட்டில் எழுதி, மூன்று மாதம் கழித்துச் சரிபார்ப்பது.

செலவு அதிகம் என்று சிலர் நினைக்கலாம். ஒரு ஃபிளஷ் கதவை மாற்றும் தொகையையும், கீல் மாற்றி நிமிர்த்தும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். வரவு செலவு பார்த்தே தலை நரைத்தவன் நான். இந்தக் கணக்கு நமக்குச் சாதகமாகத்தான் வரும். அடுத்த மழைக்கு நம்மிடம் பெயரும் போன் நம்பரும் தெரிந்த இரண்டு பேர் இருப்பார்கள்.

விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.