சாய்கோட்டில் மறையும் முகம்: பிறப்பு அறிக்கையும் சிசுவின் முகக்காயக் குறியீடும்

பிறப்பு அறிக்கைப் படிவத்தின் புள்ளிவிவரப் பகுதி பிரசவ முறையைக் கேட்கிறது. இயற்கை, சிசேரியன், ஃபோர்செப்ஸ்/வேக்குவம் என மூன்று விடைகள். ஒன்றில் குறியிட வேண்டும். மூன்றாம் விடையின் எண்ணிக்கையைக் கொண்டு ஓர் ஊரில் பிறப்புக் காயங்கள் கூடினவா குறைந்தனவா என்று ஊகிப்பது நம் துறையில் ஒரு வழக்கமாகிவிட்டது. ஆஸ்பத்திரிகளில் நோய்க் குறியீட்டாளர்கள் போதாது, வேறு தரவும் இல்லை, ஆகவே கிடைத்ததை வைத்துக் கணக்கிடுகிறோம் என்பது அத்தரப்பின் வாதம். அவர்களுடைய நெருக்கடி புரிகிறது. ஆயினும் முகத்தைப் பொறுத்தவரை அந்த விடை எதையும் அளக்கவில்லை. அளந்திருக்கக்கூடியதையும் அழித்துவிடுகிறது என்றே நான் வாசிக்கிறேன்.

பழுது அந்தச் சாய்கோட்டில் இருக்கிறது. ஃபோர்செப்ஸின் அலகுகள் சிசுவின் கன்னத்தின் மேலும் காதோரத்திலும் படிகின்றன. பிறந்த குழந்தைக்குக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பு முனை இன்னும் வளர்ந்திருக்காது. முகநரம்பு தோலுக்கு அடியிலேயே காப்பின்றிக் கிடக்கிறது. வேக்குவத்தின் கிண்ணமோ உச்சந்தலையில் பொருந்துவது. அது விட்டுச்செல்வது தலைத்தோல் வீக்கம், எலும்புறையின் கீழ் இரத்தக்கட்டு. நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பு இவற்றைக் கலக்கவில்லை. ஃபோர்செப்ஸுக்கு P03.2, வேக்குவத்துக்கு P03.3, முகநரம்புக் காயத்துக்கு P11.3, தலையின் இரத்தக்கட்டுக்கு P12.0. கருவியிலும் காயத்திலும் வகைப்பாடு பிரித்துவைத்ததை நம் படிவம் ஒரே கட்டத்தில் போட்டுவிட்டது. ஓர் ஊரில் ஃபோர்செப்ஸ் குறைந்து அதே அளவுக்கு வேக்குவம் பெருகினால் மூன்றாம் விடையின் எண் அசையாது. முகக்காயங்கள் மட்டும் குறைந்திருக்கும்.

கருவியைப் பிரித்து எழுதினால் போதுமா என்றால், அதுவும் போதாது. 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 44,292 பிறப்புகளில் 92 முகவாதங்களைக் கண்டது. அவற்றில் 81 பிறப்பின்போது நேர்ந்தவை. நேர்ந்தவற்றில் ஏறத்தாழ 91 விழுக்காடு ஃபோர்செப்ஸோடு தொடர்புடையவை. மிச்சத்தைக் கருவியின் கணக்கில் எழுத முடியாது. தாயின் இடுப்பெலும்பு அழுத்தியும் நரம்பு நசுங்கும்.

ஒரே விடை என்ற விதியும் ஒரு கண்ணி. கருவி வைத்துப் பார்த்துப் பலிக்காமல் சிசேரியனுக்குப் போன பிரசவம் படிவத்தில் வெறும் சிசேரியன். 37,110 சிசேரியன்களை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வில் சிசுவுக்குக் காயம் 1.1 விழுக்காடு, கருவி முயற்சி தோற்றபின் செய்த சிசேரியன்களில் மட்டும் 6.9. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி கேரளத்தில் சிசேரியன் 38.9 விழுக்காடு. மிகுந்த ஆபத்துள்ள பிரசவங்கள் அந்தப் பெருங்கூட்டத்துக்குள் போய்க் கலந்துவிடுகின்றன.

இது ஏட்டுப் பிணக்கு அல்ல என்பதைத் திருவனந்தபுரத்துச் சாலைத் தெருவில் வைத்துப் பார்க்கலாம். அங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவாள். தாய்வீடு பெரும்பாலும் நாகர்கோவில் பக்கமோ திருநெல்வேலிப் பக்கமோ இருக்கும். பிறப்பு நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும். புள்ளிவிவரப் பகுதி படிவத்திலிருந்து பிரிக்கப்பட்டுக் கணக்கெடுக்கப் போய்விடும். சில மாதம் கழித்து, அழும்போது வாய் கோணும் பிள்ளையோடு அவள் தைக்காட்டு ஆஸ்பத்திரிக்கோ எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரிக்கோ வரும்போது மருத்துவர் எதை எழுதுவார்?

கீழுதட்டை இறக்கும் தசை பிறவியிலேயே குன்றியிருந்தாலும் அழும்போது வாய் கோணும். அதில் நெற்றி சுருங்கும், கண் மூடும், உதட்டோரம் மட்டும் இறங்காது. நரம்பு முழுதும் நசுங்கியதென்றால் கண்ணும் மூடாது. இதுவரை பாடநூல். நரம்பின் கீழ்க்கிளை மட்டும் நசுங்கினால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அங்கே தீர்ப்புச் சொல்வது பிறந்த அன்று கன்னத்தில் இருந்த தடம்தான். தடம் எழுதப்பட்டிருந்தால் P11.3. எழுதப்படாவிட்டால் பிறவிக் கோணலாகக் கருதப்பட்டு Q67.0இல் போய் விழ வாய்ப்புண்டு, காயம் குறையாகிவிடும். தவறு மறுபக்கமும் நடக்கும். தசைக்குறைவோடு இதயக் குறைகள் சேர்ந்து வரக்கூடும் என்பது 1969 முதல் அறியப்பட்டது. அதை ‘பிரசவத்தில் பட்டது, சரியாகிவிடும்’ என்று அனுப்பினால் இதயத்தை யாரும் பார்க்கமாட்டார்கள்.

‘ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளை’ என்று பாட்டி சொல்வாள். எந்தக் கன்னம் கன்றியிருந்தது என்பதும் அவளுக்கு நினைவிருக்கும். வாய்மொழியை மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. ஆனாலும் படிவத்தைவிட அவளிடம் தகவல் கூடுதல் என்பது படிவத்துக்குப் பெருமை அல்ல.

பெரும்பாலான முகவாதங்கள் தானே தேறிவிடும், குறியீடு எதற்கு என்பார்கள். தேறும்வரை மூடாத கண்ணுக்கு மருந்து வேண்டும்; தேறாத சிலருக்குப் பழைய ஏடு வேண்டும். வழக்கு வரும் என்ற அச்சம் பதிலுக்குத் தகுதியானதல்ல. பள்ளி, அங்கன்வாடிப் பரிசோதனைகளில் பிடிபடுமே என்பதும் நிற்காது: 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் பரிசோதிக்கும் 30 நோய்நிலைகளில் உதட்டுப்பிளவு உண்டு, பிறப்பு முகவாதம் இல்லை.

குறியீட்டாளர்களை எத்தனை பேர் சேர்த்தாலும் கேஸ் ஷீட்டில் இல்லாததை அவர்கள் குறியிட முடியாது. டிஸ்சார்ஜ் கார்டில் ‘அழும்போது: நெற்றி, கண், உதட்டோரம்; தடம் எந்தப் பக்கம்’ என்று ஒரே ஒரு வரி வேண்டும். அடுத்து அச்சாகும் பிறப்பு அறிக்கையில் சாய்கோடு எடுக்கப்பட்டு ஃபோர்செப்ஸுக்கும் வேக்குவத்துக்கும் தனித்தனி எண் வேண்டும். முதலில் முயன்று கைவிட்ட கருவிக்கும் ஒரு கட்டம் வேண்டும். அதுவரை மூன்றாம் விடையின் எண்ணிக்கையைப் பிறப்புக் காயங்களின் அளவாக யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம்.